அசையாத ஆணி

நவம்பர் 18

புது நோட்டு. பழையது மழையில் நனைந்து கூழாகிவிட்டது. அதில் உருப்படியாக எதுவும் இல்லை என்பதால் வருத்தமும் இல்லை.

காலையில் மெட்ரோ சுரங்கம் தோண்டும் மிஷின் 402வது ரிங்கில் இருந்தது. ரிங் என்பது சுரங்கத்துக்குள் பொருத்தும் கான்கிரீட் வளையம். ஒவ்வொன்றும் நாலரை அடி நீளம், ஒரு நாளைக்கு ஆறு. எங்களுக்குக் கிழமையும் தேதியும் இந்த எண்தான். லீவு கேட்டால் "நானூத்தித் தொண்ணூறு தாண்டட்டும்" என்பார்கள்.

இப்போது அது ரெட்டைக்குழாய்ச் சந்துக்கு அடியில், பதினாறு மீட்டர் ஆழத்தில் போய்க்கொண்டிருக்கிறது. என் வேலை மேலே. சந்தில் இருக்கும் வீட்டுச் சுவர்களில் இருபத்திரண்டு ஆணிகள் அடித்திருக்கிறேன். தினமும் காலையில் லெவல் கருவியை நிறுத்தி ஒவ்வொரு ஆணியின் உயரத்தையும் பார்ப்பேன். உதவியாளர் சோமையா அளவுகோலைப் பிடிப்பார். ஆணி அடித்த நாளைவிட எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. பத்துக்கு மேல் போனால் உடனே மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும்.

ஏறியதா இறங்கியதா என்று சொல்ல, அசையாத ஆணி ஒன்று வேண்டும். அதைத் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் அடித்தேன். சட்டப்படி இன்னும் தள்ளி இருக்க வேண்டும். உண்மையான அசையாத கல் ரயில் நிலையத்தில் இருக்கிறது. தினமும் மெயின் ரோட்டைத் தாண்டி அங்கிருந்து அளந்துகொண்டு வந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கல்லோடு நம் ஆணியைச் சரிபார்த்தால் போதும். செப்டம்பரில் பார்த்தேன். அக்டோபரில் மழை. இந்த மாதம் பார்க்க வேண்டும்.

நவம்பர் 19

லாட்ஜ் பட்டியலோடு சந்துக்குப் போனேன். மிஷின் அடியில் போகும் நாட்களில் 27 முதல் 35 வரை உள்ள வீட்டுக்காரர்கள் லாட்ஜில் தங்க வேண்டும். சாப்பாடு எங்கள் பொறுப்பு. மற்ற எல்லோரும் "டிவி இருக்குமா" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

31ஆம் எண்ணில் அம்சவேணி அம்மா போடவில்லை. மழலையர் பள்ளியில் ஆயா வேலை பார்ப்பவர். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. மகள் ஹேமலதா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ரத்த அழுத்தம் இருப்பதால் படுக்கையைவிட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது, படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். லாட்ஜில் கிடைத்தது இரண்டாம் மாடி. லிஃப்ட் ரிப்பேர்.

"வளகாப்பு முட்ச்சி கூட்டியாந்து பதினேழு நாள் ஆவுது சார். அம்மா வூட்லேர்ந்து பொண்ண ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. லாட்ஜுக்கா அனுப்புவாங்க? சம்பந்தி வூட்ல காறித் துப்புவாங்க."

"மூணே நாள்தாம்மா."

"மூணு நாள்ல அவளுக்கு வலி எடுத்தா அந்த மாடிலேர்ந்து நீங்க தூக்கினு வருவீங்களா?"

கம்பெனி விதி அது என்றேன். விதியையே திருப்பிச் சொன்னால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

நவம்பர் 20

தண்ணீர் கேன் வரவில்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினேன்.

நவம்பர் 21

420. மிஷின் கடந்துபோன வீடுகளில் இறக்கம் பூஜ்யம். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், நாலைந்து மில்லி இறங்காமல் ஒரு வீட்டையும் பார்த்ததில்லை. மேனேஜர் வித்யாதரனுக்கு வாயெல்லாம் பல். மேலிடத்துக் கூட்டத்தில் என் அட்டவணையைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்.

அம்சவேணி அம்மா இன்று மட்டும் மூன்று முறை அலுவலகக் கொட்டகைக்கு வந்துவிட்டார். வித்யாதரன் என்னைக் கூப்பிட்டார்.

"ரீடிங் இவ்ளோ பிரமாதமா இருக்கறப்ப மாசமா இருக்கற பொண்ண ஏன்யா அலைய விடணும்? நீ ஒரு லெட்டர் எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதிக் கொடுத்தேன். "31ஆம் எண் வீட்டில் இறக்கம் எதுவும் இல்லை. காலி செய்யத் தேவையில்லை." என் பெயரை எழுதி முத்திரையும் வைத்தேன். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நல்லது செய்தோம் என்று மனதுக்கு நிறைவாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 23

432. மிஷின் கடந்த வீடுகள் பூஜ்யம். இன்னும் போகாத வீடுகள் எல்லாம் +2.

சோமையா அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் நோட்டை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பதினாலு வூடும் ரெண்டு மில்லி ஏறிக்கிது. வூடு ஏறுமா?"

"மழைல மண் ஊறியிருக்கும்."

"ஊறுனா எல்லா வூட்டுக்கும் ஒரே அளவாவா ஊறும்?"

கருவியை மடிக்கச் சொன்னேன். சோமையா நல்ல மனிதர். கேள்விதான் கொஞ்சம் அதிகம்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் குழி தோண்டுகிறார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து ஆறு மோட்டார்கள் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சத்தத்தில் டீக்கடையில் நின்று பேசக்கூட முடிவதில்லை. டீயை வேறு கடையில் குடித்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

துணி துவைத்தேன். இரண்டு சட்டைக்குப் பட்டன் தைத்தேன். மதியம் கஞ்சியும் துவையலும்.

ஊரிலிருந்து என் மனைவி மேரி கூப்பிட்டாள். "நேத்து பேசும்பம் குரல் ஒரு மாதிரி இருந்துச்சே. மேலுக்குச் சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல. வேலை ஜாஸ்தி."

"பழைய எடத்துல நடந்ததயே நெனச்சிக்கிட்டு இருக்காதீய."

நான் நினைக்கவில்லை. அவள்தான் நினைவுபடுத்தினாள். முந்தைய வேலையில், வேறொரு நகரத்தில், ஒரு கட்டிடம் சாய்கிறது என்று சொல்லி மிஷினை மூன்று நாள் நிறுத்தவைத்தேன். கடைசியில் கட்டிடத்துக்கு ஒன்றும் இல்லை, என் கருவியில்தான் கோளாறு. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தார்கள். கேன்டீன் வரைக்கும் அந்தப் பெயர் போனது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ரயில் நிலையத்துக் கல்லிலிருந்து சரிபார்க்க இன்று நல்ல நேரம்தான், ரோட்டில் வண்டியே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சோமையாவைக் கூப்பிடுவது நியாயமில்லை.

நவம்பர் 25

444. ஏழாம் எண்ணில் இருக்கும் ஆட்டோக்காரர் தன் இரும்பு கேட் தரையில் உரசுவதாகச் சொன்னார். போன மாதம் வரை விரலால் தள்ளினாலே திறக்குமாம். அந்த வீட்டின் ரீடிங் பூஜ்யம். கீலுக்கு எண்ணெய் போடச் சொன்னேன். போட்டுவிட்டேன், இன்னும் உரசுகிறது என்றார். தரமான எண்ணெயாகப் போடச் சொன்னேன்.

நவம்பர் 26

மழை. போகாத வீடுகள் +3.

நவம்பர் 28

462. 31ஆம் எண்ணின் ஆணியைப் பார்க்கும்போது ஹேமலதா ஜன்னல் வழியாகப் பேசினாள். கட்டில் ஜன்னலை ஒட்டி இருக்கிறது.

"சார், அது அடியில போவும்போது சத்தம் கேக்குமா?"

"அடுத்த தெருல மாவு மிஷின் ஓடற மாதிரி இருக்கும். அவ்ளோதான்."

"பாப்பாவுக்குக் கேக்குமா?"

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்காது என்றேன்.

அதற்குள் அம்சவேணி அம்மா வந்துவிட்டார். "சார், ரெண்டு நாளா பாத்ரூம் கதவு சாத்தவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

"மழைக்காலம் இல்லையாம்மா. மரக்கதவு ஊறி உப்பும்."

"அது பிளாஸ்டிக் கதவு சார்."

உள்ளே போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் கதவுதான். மேல் மூலை சட்டத்தில் இடிக்கிறது. சட்டம் வேண்டுமானால் நகர்ந்திருக்கலாம் என்றேன். அந்த அம்மா தலையாட்டினார். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்ற தலையாட்டல் அது. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை.

நவம்பர் 29

468. எழுத ஒன்றுமில்லை. போகாத வீடுகள் +4. பட்டியலில் இருந்த மற்ற வீட்டுக்காரர்கள் இன்று காலை வேனில் லாட்ஜுக்குப் போனார்கள். 31ஆம் எண் மட்டும் போகவில்லை. நாளை மறுநாள் மிஷின் அந்த வீட்டுக்கு அடியில்.

வேலை முடிந்ததும் டிக்கெட் விசாரிக்க ரயில் நிலையம் போனேன். விசாரிக்கவில்லை. அளவுக்கல் மேல் யாரோ வெற்றிலை துப்பியிருந்தார்கள். கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 30

காலை ஏழரைக்கு சோமையாவை ரயில் நிலையத்துக்கு வரச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. கல்லிலிருந்து தொடங்கி மெயின் ரோட்டைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி வரை அளந்தோம். அங்கிருந்து திரும்பக் கல்லுக்கு. போன அளவும் வந்த அளவும் பொருந்தின, அரை மில்லி வித்தியாசம்கூட இல்லை. இன்னொரு முறையும் போட்டேன். அதே விடை.

என் ஆணி பதினொரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது.

ஸ்டேஷன் குழிக்கு இறைத்த தண்ணீர் தொட்டியின் அடியிலிருந்தும் போயிருக்கிறது. மண் சுருங்கி, தூண் இறங்கி, அதோடு ஆணியும் இறங்கிவிட்டது. அசையாத ஆணி என்று நம்பி அதிலிருந்து அளந்த எல்லா எண்ணும் பொய். வீடுகள் ஏறவில்லை. பூஜ்யம் என்று திரையில் காட்டிய ஏழாம் எண் உண்மையில் பதினொன்று இறங்கியிருக்கிறது. 31ஆம் எண் மிஷின் வருவதற்கு முன்பே ஏழு. மிஷின் அடியில் போனால் இன்னும் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தொட்டியின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது. சோமையா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வித்யாதரன் தாளைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"நிறுத்திரலாமா சார்?" என்றேன்.

"எங்க நிறுத்தறது? அடியில மணல்யா. இப்ப நின்னா இருபத்தொம்பதாம் நம்பர் அப்படியே உள்ள உக்காந்துரும். அழுத்தத்த ஏத்தி, சிமென்ட் பால ரெண்டு மடங்கு விட்டு, தாண்டித்தான் போகணும்." பிறகு நிமிர்ந்தார். "மத்த வீடெல்லாம் காலிதான?"

"31ல ஆள் இருக்காங்க சார். நம்ம லெட்டர்."

"அப்ப இங்க ஏன்யா நிக்கற?"

ஓடினேன். எனக்கு நாற்பத்தாறு வயது, ஓடி வெகு காலம் ஆகிறது.

அம்சவேணி அம்மா மகளுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். உடனே கிளம்ப வேண்டும் என்றேன்.

"நீங்கதான சார் தேவையில்லன்னு எழுதிக் குடுத்தீங்க? பீரோல வெச்சிக்கீறேனே."

"தப்பா குடுத்துட்டேம்மா."

"தப்பான்னா?"

"என் கணக்கு தப்பு. வீடு எறங்குது. ஆஸ்பத்திரிக்கே போயிரலாம், ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே ஒரு கணம் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி ஃபைல், குழந்தைக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகள், ஃப்ளாஸ்க், எல்லாம் இரண்டு நிமிடத்தில் ஒரு கூடைக்குள் போயின. ஹேமலதாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் சோமையாவும் ஆம்புலன்ஸ் டிரைவரும் தூக்கினோம். வாசலில் மூன்று படி. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து சார், பாத்து," என்றாள். நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து சொன்னாளா, என்னைத் தேற்றினாளா, தெரியவில்லை.

டிசம்பர் 1

480. காலை பதினொன்று நாற்பதுக்கு 31ஆம் எண்ணின் பின்பக்கம் விழுந்தது. முதலில் பாத்ரூம், பிறகு சமையலறைச் சுவர். அதன் அதிர்வில் நடு அறைக் கூரையின் காரை மொத்தமும் பெயர்ந்து ஜன்னலோரக் கட்டில் மேல் கொட்டிவிட்டது. கட்டிலின் ஒரு கால் முறிந்திருந்தது. நான் அங்கேதான் நின்று பார்த்தேன்.

இறக்கம் முப்பத்தொன்று. ரயில் நிலையத்துக் கல்லிலிருந்து அளந்தது.

யாருக்கும் காயமில்லை.

டிசம்பர் 3

விசாரணை அறிக்கைக்கான படிவம் வந்துவிட்டது. ஐந்தாவது கேள்வி: "அளவுப் புள்ளியில் பிழை இருக்கலாம் என முதன்முதலில் சந்தேகம் எழுந்த தேதி."

வித்யாதரன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "முப்பதாம் தேதி சந்தேகப்பட்ட. அன்னைக்கே அளந்த, அன்னைக்கே சொன்ன, அன்னைக்கே ஆள வெளியேத்தின. ஒரு உசுரு போகல. இதுல உம்மேல என்னய்யா தப்பு? உனக்கு மெமோ இல்ல, பாராட்டுக் கடிதம்தான் வரும்."

முப்பது என்று எழுதினேன். கையெழுத்து நன்றாகவே வந்தது.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மெஸ்ஸில் இன்று வத்தக்குழம்பு.

டிசம்பர் 5

அம்சவேணி அம்மா கூப்பிட்டார். காலையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள். பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. தாயும் நலம்.

"நீங்க மட்டும் அன்னிக்கு ஓடியாரலன்னா சார், இன்னா ஆயிருக்கும். லாட்ஜுல கீற நம்ம தெருக்காரங்க எல்லார் கைலயும் சொல்லிட்டேன், இஞ்சினீரு சார்தான் கடவுளு மாரி வந்து காப்பாத்துனாருன்னு. வூடு போனா போவுது, கட்டிக்கலாம். வந்து கொழந்தைய பாத்துட்டுப் போங்க."

வேலை இருக்கிறது, பார்க்கிறேன் என்றேன்.

டிசம்பர் 6

போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன், வெறும் கையோடு போகக் கூடாதே என்று.

பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடவில்லை. அம்சவேணி அம்மாவே குழந்தையைத் துணியில் சுற்றி வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையில் வைத்துவிட்டார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முகம் சிவப்பாக, கோபத்தோடு இருந்தது.

"புடிங்க சார், ஒண்ணும் ஆவாது. உங்களால கெடச்ச கொழந்த."

நான் சொன்னேன்.

"அம்மா, எனக்கு முப்பதாம் தேதிதான் தெரிஞ்சுதுன்னு இல்ல. இருபத்திமூணாம் தேதியே தெரியும்."

"இன்னா தெரியும்?"

"எல்லா வீடும் ஒரே அளவா ஏறுச்சு. வீடு ஏறாது. என் ஆணிதான் எறங்கியிருக்கணும்னு அன்னைக்கே தோணுச்சு. சரிபாத்திருந்தா ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. பாத்தா மிஷின நிறுத்தணும், திரும்பவும் என்னைப் பயந்தாங்கொள்ளின்னுவாங்க, வேலை போயிரும்னு பாக்கல. நீங்க கதவக் காட்டினப்பவும் தெரியும்."

வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மா விரலை மடக்கி எண்ணினார். இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்று உதடு அசைந்தது.

"ஏழு நாளு," என்றார். "ஏழு நாளும் அந்தக் கட்டில்லதான் படுத்துனு இருந்தா."

"ஆமாம்மா."

"தெரிஞ்சிக்கினே தெனமும் வந்து ஜன்னலாண்ட நின்ன."

அதற்கும் ஆமாம் என்றேன்.

அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. இரண்டு கையையும் நீட்டினார்.

"கொழந்தைய குடு."

கொடுத்தேன். தலையைத் தாங்கிப் பிடித்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆரஞ்சுப் பை என் கையிலேயே இருந்தது. பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 7

அறிக்கை இன்னும் மேலிடத்துக்குப் போகவில்லை, வித்யாதரன் மேஜையில்தான் இருந்தது. ஐந்தாவது கேள்வியில் 30ஐ அடித்துவிட்டு 23 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"பைத்தியமாய்யா உனக்கு? யாரு கேட்டா?" என்றார் வித்யாதரன்.

யாரும் கேட்கவில்லை என்றேன்.